‘கடை எங்கே?’ என்று கேட்கும் பெரியவருக்கு

பெறுநர்: மேன்மை தங்கிய வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம் (1918 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கம்), பிரதேச செயலக அலுமாரி, மட்டக்களப்பு.

பொருள்: கதவும் பூட்டும் இல்லாத கடையொன்றைப் பதிவு செய்தல்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

உங்களுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. கல்லடியில் மானிங் சீமாட்டியின் பெயரால் 1924 இல் பாலம் எழுந்தபோது நீங்கள் ஆறு வயதுப் பிள்ளை. 1928 இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்தபோது உங்களுக்குப் பத்து வயது. அந்தப் பாலத்துக்கு வயதாகிவிட்டதென்று 2013 இல் பக்கத்திலேயே புதிய பாலத்தைத் திறந்து, பழையதை ஆறுதலாக நிற்க விட்டார்கள். உங்களுக்கு ஓய்வு கொடுக்க மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதனால் வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், வீட்டுக்குள் இருந்தபடி வடிவமைப்பு வேலை செய்யும் இளையவர்கள் இன்றைக்கும் உங்கள் முன்னால்தான் வந்து நிற்கிறார்கள். ரொறன்ரோப் பலசரக்குக் கடைக்கு இலச்சினை, மெல்பேர்ண் சாப்பாட்டுக் கடைக்கு விலைப்பட்டியல், மாமாங்கத்து ஆடி அமாவாசைக்குப் பதாகை, அயல்வீட்டுச் சாமத்தியச் சடங்குக்கு அழைப்பிதழ் என்று எல்லாவற்றையும் ஒரே லப்டொப்பில் செய்பவர்கள் இவர்கள். இவர்களிடம் நீங்கள் கேட்கும் முதற் கேள்வி, 1918 இல் கொப்பரை வியாபாரியிடம் கேட்ட அதே கேள்விதான்: கடை எங்கே இருக்கிறது?

நீங்கள் பிறந்த நேரத்தை நினைத்தால் உங்கள் மேல் கோபம் வரவில்லை. உங்கள் தாய்ச்சட்டம் 1916 இல், முதலாம் உலகப் போரின் நடுவில், பிரித்தானியாவில் பிறந்தது. ஆங்கிலப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் எந்த நாட்டுக்காரர் ஒளிந்திருக்கிறார் என்று அறியவேண்டிய அவசரம் அந்தக் காலத்துக்கு இருந்தது. ஆகவே உங்கள் அடிப்படை விதி நியாயமானது, எளிமையானதும்கூட. சொந்தப் பெயரில் தொழில் செய்பவர் உங்களிடம் வரவேண்டியதில்லை. வேறு பெயர் வைத்துக்கொண்டவர்தான் வந்து, அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று சொல்லவேண்டும். இந்த விதிப்படி பார்த்தால் எங்கள் ஊரின் மிகப் பழைய குற்றவாளி வாவிக்குள்தான் இருக்கிறது. 1848 இல் மட்டக்களப்புக்கு வந்த குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட், வாவியின் நீருக்கடியில் கேட்கும் இசை ஊரி என்ற நத்தையினத்திலிருந்து வருகிறது என்று மீனவர்கள் சொன்னதைப் பதிந்து வைத்திருக்கிறார். ஊரியாக இருந்துகொண்டு ‘பாடும் மீன்’ என்ற வியாபாரப் பெயரில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொழில் நடக்கிறது. பதிவு இல்லை, காணி உறுதி இல்லை, கிராம உத்தியோகத்தரின் கடிதமும் இல்லை. பிடிக்கலாமென்றால் அது பாடுவது பூரணை இரவில். போயா விடுமுறையில் கந்தோர் பூட்டு.

மீன் தப்பிவிட்டது, வடிவமைப்பாளர் தப்பவில்லை. தொழில் தொடங்கிப் பதினான்கு நாட்களுக்குள் பதியவேண்டும் என்கிறீர்கள். கடைக்காரருக்கு அது தெளிவான நாள். பால் காய்ச்சி, தேங்காய் உடைத்து, கதவு திறந்த நாள். இலச்சினை வரைபவருக்கு எது அந்த நாள்? மாமியின் மகளுக்குச் சும்மா செய்துகொடுத்த கல்யாண அட்டையா, அதைப் பார்த்த ஒருவர் இரண்டாயிரம் ரூபாய் தந்த நாளா, கனடாவிலிருந்து முதல் டொலர் வந்த நாளா? அடுத்தது தொழில் நடக்கும் இடம். அதற்கு உறுதி வேண்டும், இல்லாவிட்டால் குத்தகைப் பத்திரம் வேண்டும், அதன்மேல் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும். அரிசி ஆலைக்கும் பேக்கரிக்கும் இவையெல்லாம் அர்த்தமுள்ள கேள்விகள். அங்கே புகை உண்டு, கழிவு உண்டு, சனம் வந்துபோகும். இங்கே உற்பத்திக்கூடம் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை. வீடு அப்பப்பாவின் பெயரில் இருக்கும்; போரிலும் 2004 சுனாமியிலும் உறுதியைத் தொலைத்த குடும்பங்கள் இந்தக் கரையோரத்தில் குறைவில்லை. காணிப் பிரச்சினை தீராததால் ஒருவர் எழுத்துரு தேர்ந்தெடுக்கக்கூடாது என்பது சட்டத்தின் நோக்கமாக இருந்திருக்க முடியாது. ஆனால் சட்டம் கடைசியில் போய் நிற்கும் இடம் அதுதான்.

நீங்கள் உடனே ஒரு மறுப்பைச் சொல்வீர்கள் என்று தெரியும்: ‘சொந்தப் பெயரில் செய்யுங்கள், நான் தடுக்கவில்லையே!’ உண்மைதான், எழுத்தில் நீங்கள் தாராளமானவர். ஆனால் நீங்கள் விட்ட இடத்தில் மற்றவர்கள் பிடிக்கிறார்கள். வங்கியில் தொழிற்கணக்குத் திறக்கப் போனால் முதலில் கேட்பது உங்கள் சான்றிதழை. சுவரொட்டி வேலை கொடுக்கும் தொண்டு நிறுவனமும், விலைமனு கோரும் அரச அலுவலகமும் பதிவிலக்கம் இல்லாத பற்றுச்சீட்டைத் தொட்டுப் பார்க்கத் தயங்குகின்றன. தேவையில்லை என்று சட்டம் சொல்லிய கடதாசியே எல்லாக் கதவுக்கும் திறவுகோலாகிவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டார் என்பதை எங்கள் முன்னோர் கோயிலைப் பார்த்துச் சொன்னார்களா, கந்தோரைப் பார்த்துச் சொன்னார்களா என்ற சந்தேகம் எங்களுக்கு நெடுநாளாக உண்டு.

இனி எங்கள் வழக்கின் நடுப்பகுதிக்கு வருகிறோம். நீங்கள் அறிய விரும்புவது, பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார் என்பது. அந்த ஆளை அரசு ஏற்கெனவே பதிந்துவிட்டது, அதுவும் ஒருமுறை அல்ல. தேசிய அடையாள அட்டைக்காக முதலில் பதிந்தது. பிறகு 2024 ஜனவரியிலிருந்து, பதினெட்டு வயது நிறைந்த எல்லோரும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து வரி செலுத்துநர் இலக்கம் பெறவேண்டும் என்றது. தவறினால் 50,000 ரூபாய் வரை தண்டம் என்றும் எச்சரித்தது. அடுத்து, வெளிநாட்டுக்குச் சேவை விற்று வங்கி வழியாக நாட்டுக்குள் கொண்டுவரும் வருமானத்துக்கு இருந்த விலக்கை நீக்கி, 2025 ஏப்ரல் 1 முதல் உச்சபட்சம் 15 வீத வரி விதித்தது. வரியைப் பற்றி முறைப்பாடு இல்லை. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு இருக்கிறது. ஆசிரியரும் தாதியும் கட்டும்போது வடிவமைப்பாளர் மட்டும் விலகி நிற்பது அழகல்ல. கேள்வி வேறு. வரி கேட்கும்போது இவரை ஏற்றுமதியாளர் என்று அடையாளம் காணும் அதே அரசு, கணக்குத் திறக்க வரும்போது மட்டும் ‘நீங்கள் யார், உங்கள் கடை எங்கே?’ என்று கேட்கலாமா? வாங்கும் கைக்குத் தெரிந்த ஆளை, கொடுக்கவேண்டிய கைக்குத் தெரியாமல் போவது எப்படி?

டொலருக்காக நாடு தவித்த கதையைப் பெரியவர் மறந்திருக்கமாட்டீர்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று கைவிரித்தபோது, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புங்கள் என்று அரசே கெஞ்சிக் கேட்டது. அதற்கு முன்னும் பின்னும், நெடுங்காலமாக, பேபால் வழியாக இலங்கையிலிருந்து பணம் அனுப்பலாம், பெறமுடியாது என்ற நிலையில்தான் எங்கள் வடிவமைப்பாளர்கள் வேலை செய்தார்கள். டொலர் வெளியே போக நெடுஞ்சாலை, உள்ளே வர ஒற்றையடிப் பாதை. ஆட்சி மாறும்போதெல்லாம் ‘இதோ வருகிறது’ என்று அறிவிப்பு மட்டும் தவறாமல் வந்தது. இது உங்கள் குற்றமல்ல. ஆனால் உங்கள் கடதாசியும் வங்கியின் படிவமும் வரியின் கோவையும் ஒன்றையொன்று பார்க்காமல் இருப்பதன் விலையைக் கொடுப்பவர், இரவு இரண்டு மணிக்கு ரொறன்ரோவின் பகல் வேலையைச் செய்து முடித்து, பணத்துக்காக நாலு நாள் காத்திருப்பவர்தான்.

‘பதிவைத் தளர்த்தினால் மோசடி பெருகும்’ என்பது அடுத்த மறுப்பு. இதை இலேசாகத் தள்ளமுடியாது. முற்பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகும் ஆட்கள் எங்கும் உண்டு. ஆனால் இதற்கு விடை உங்கள் தாயாரிடமே இருக்கிறது. பிரித்தானியா அந்த 1916 ஆம் ஆண்டின் பதிவேட்டை 1982 இல் மூடிவிட்டது. அதற்குப் பதிலாக, எந்தப் பெயரில் தொழில் செய்தாலும் கடிதத்திலும் பற்றுச்சீட்டிலும் உரிமையாளரின் உண்மைப் பெயரையும் முகவரியையும் காட்டவேண்டும் என்றது. வணிகம் அதனால் கவிழ்ந்துபோகவில்லை. தாய் கண்மூடி நாற்பது ஆண்டுகள் கடந்தபின்பும் பிள்ளை மட்டக்களப்பில் தாயின் கேள்வியையே கேட்டுக்கொண்டிருக்கிறது. பதிவேட்டை மூடுங்கள் என்றுகூட நாங்கள் கேட்கவில்லை. பெயருக்குப் பின்னால் யார் என்பதைக் காட்ட அடையாள அட்டை இலக்கமும் வரி இலக்கமும் போதும் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். ஏமாந்தவர் வழக்குப் போடத் தேடப்போவது ஆளைத்தான். அப்பப்பாவின் காணி உறுதியை வைத்து அவர் என்ன செய்வார்?

எதற்கெடுத்தாலும் ‘ஆபிரிக்கா மாதிரி ஆகிவிட்டோம்’ என்று உதட்டைச் சுழிப்பது எங்கள் வழக்கம். அந்தச் சுழிப்பைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்ப்போம். கென்யாவிலும் உங்கள் தாயின் வயிற்றில் பிறந்த வியாபாரப் பெயர்ச் சட்டம் உண்டு, அதாவது உங்கள் தம்பி. அவர் இணையத்துக்கு ஏறிவிட்டார். நைரோபிக்காரர் அரசின் ஒரே வாசலான ஈசிட்டிசன் தளத்தில் பெயர் தேடி, பதிந்து, கட்டணத்தைக் கைப்பேசியிலேயே கட்டிவிடுகிறார். பேபாலில் வந்த பணத்தை எம்பெசா என்ற கைப்பேசிப் பணச்சேவைக்கு மாற்றும் வழி 2018 இலேயே அங்கே திறந்தது. ருவாண்டாவில் நிறுவனப் பதிவு இணையத்தில் இலவசம். உலக வங்கியின் 2020 ஆம் ஆண்டுத் தொழில் வசதித் தரவரிசையில் ருவாண்டா 38, கென்யா 56, இலங்கை 99. அந்தத் தரவரிசையே தரவுக் குளறுபடியால் 2021 இல் கைவிடப்பட்டதே என்று நீங்கள் மடக்கலாம். சரி, ஆனால் கண்டுபிடித்த குளறுபடிகள் சீனா, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு இராச்சியம், அசர்பைஜான் ஆகியவற்றின் கணக்கில்தான். இலக்கத்தை நம்பாவிட்டாலும் வாசலை நம்பலாம். அந்த நாடுகள் சொர்க்கம் அல்ல. சிறுதொழிலின் மொத்த விற்பனைமீதான வரியைக் கென்யா 2023 இல் 1 வீதத்திலிருந்து 3 வீதமாக்கியது. ருவாண்டாவில் அரசை எதிர்த்துச் சுவரொட்டி வடிவமைக்க யாரும் துணியமாட்டார்கள். ஆனாலும் அங்கே படிவம் ஆளைத் தேடி வந்தது. இங்கே ஆள்தான் இன்னமும் படிவத்தைத் தேடிப் போகிறார்.

‘இவ்வளவு தொல்லை என்றால் கம்பெனியாகப் பதியுங்கள், அது இணையத்திலேயே முடிகிறதே’ என்பார் அலுமாரியில் உங்கள் பக்கத்தில் இருக்கும் கம்பனிகள் சட்டம். அதற்குச் செயலாளர் வேண்டும், ஆண்டறிக்கை வேண்டும், கணக்காய்வு வேண்டும். மாதத்துக்கு நாலு இலச்சினை வரைபவருக்கு அது குருவி தலையில் பனங்காய். ஆனால் அந்தச் சட்டத்தைப் பார்த்து ஓர் உண்மையைக் கற்றுக்கொள்ளலாம். பெரிய முதலாளிகளுக்கான கம்பனிச் சட்டம் 1938 இல் எழுதப்பட்டு, 1982 இல் மாற்றப்பட்டு, 2007 இல் மறுபடியும் புதிதாக எழுதப்பட்டது. 1953 ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் 2017 இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய பணம் நடக்கும் பாதையெல்லாம் தலைமுறைக்கு ஒருமுறை செப்பனிடப்படுகிறது. தனியாள் நடக்கும் பாதை 1918 இல் போட்ட கிரவல் பாதையாகவே கிடக்கிறது. அரசியலமைப்பின் பதிமூன்றாவது திருத்தத்தின் பின் இந்தப் பதிவு மாகாணத்தின் கைக்கு வந்ததில் உங்கள் படிவத்தின் தலைப்பு மாறியது, கேள்வி மாறவில்லை. ஆகவே உங்கள் முதுமை இயற்கையாக வந்ததல்ல. சிறியவரின் நேரத்துக்கு விலை இல்லை என்று யாரோ தீர்மானித்ததன் விளைவு அது.

எங்கள் வேண்டுகோள் சிறியது, ஐயா. படிவத்தில் ‘தொழில் நடக்கும் இடம்’ என்ற கட்டத்துக்குக் கீழே ‘இடம் தேவைப்படாத தொழில்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். அதை அடையாளமிட்டவரிடம் உறுதி கேட்காதீர்கள். அவருடைய வரி இலக்கத்தையே பதிவிலக்கமாக ஏற்கும்படி வங்கிக்கும் அலுவலகங்களுக்கும் எழுதுங்கள். அரசிடம் இருக்கும் பதிவேட்டை அரசே ஒருமுறை திறந்து வாசிக்கட்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான். தொழில் தொடங்கியவருக்கு நீங்கள் பதினான்கு நாள் தவணை கொடுக்கிறீர்கள். நூறாண்டு கடந்தவர் என்ற மரியாதையில் உங்களுக்கு நாங்கள் பதினைந்து நாள் தருகிறோம். நடுவில் ஒரு போயா விழுந்தாலும் விழும். அன்றைக்குக் கந்தோரைப் பூட்டிவிட்டுக் கல்லடிப் பக்கம் வாருங்கள். பழைய பாலத்தில் நின்று தண்ணீருக்குக் காது கொடுங்கள். பதியாத ஒருவர் கீழே பாடிக்கொண்டிருப்பார். கரையில், விளக்கு அணையாத ஜன்னலுக்குள், இன்னொருவர் வேலை செய்துகொண்டிருப்பார். முதலாமவரிடம் கடை எங்கே என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். அந்தப் பெருந்தன்மையை இரண்டாமவருக்கும் காட்டுங்கள்.

இங்ஙனம்,
வாவியின் இரு கரை வடிவமைப்பாளர்களுக்காக,
சொந்தப் பெயரில் எழுதுவதால் உங்களிடம் பதியத் தேவையில்லாத ஒருவர்