பனியில் ஒரு சங்கம்

கேள்வி: துருவ ஆராய்ச்சிக்குப் போகும் இளைஞர்களுக்குத் தனியாக ஒரு சங்கம் எதற்கு? பனியிலேயே வாழும் பெங்குவின்கள்கூடச் சங்கம் வைத்துக்கொள்வதில்லையே!

பதில்: வைத்துக்கொள்கின்றனவே! அண்டார்டிகக் குளிர்காலத்தில் எம்பரர் பெங்குவின்கள் நெருக்கியடித்து நிற்கும். ஓரத்தில் விறைப்பவை மெல்ல உள்ளே நகரும். இளம் ஆய்வாளருக்கும் அந்த ‘உள்ளே’ வேண்டும். பல்கலைக்கழகம் முழுக்கத் தேடினாலும் கடற்பனி பற்றிப் பேச இன்னொரு ஆள் கிடைக்காமல் போகலாம். வேலையும் பெரும்பாலும் சில வருட ஒப்பந்தம். பயணத்துக்கு யார் பணம் தருவார்கள், முதல் கட்டுரையை எப்படி எழுதுவது, தனித்த முகாமில் யாராவது தொல்லை கொடுத்தால் எங்கே சொல்வது? பேராசிரியரிடம் கேட்கத் தயங்குபவர்கூடச் சக வயதுக்காரரிடம் கேட்டுவிடுவார். இந்தக் கடைசிக் கேள்விக்காகவே சங்கம் அவசியம் என்பேன். 2007–08 சர்வதேசத் துருவ ஆண்டை ஒட்டி இளைஞர்களே கூடி உருவாக்கிய அப்படியொரு சங்கம்தான் ‘ஏபெக்ஸ்’. பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பரை ஒட்டித் துருவ வாரம் நடத்திப் பள்ளிப் பிள்ளைகளிடமும் பேசுகிறார்கள். அடுத்த துருவ ஆண்டு 2032–33இல். அதற்கான திட்டமிடலில் மூத்தவர்களோடு இவர்களும் இப்போதே உட்கார்ந்துவிட்டார்கள்.