சேகோ ஆலையில் ஓர் இரைச்சல்

கேள்வி: எங்கள் சேகோ ஆலை ஆபீஸ் கம்ப்யூட்டர் அரவை மோட்டாருக்குப் போட்டியாக இரைகிறது. பஞ்சர் கடை கம்ப்ரசரில் ஒரு ஊது ஊதிவிடலாமா?
– ஒரு வாசகி, வாழப்பாடி

பதில்: பஞ்சர் கடைக்கு டயரை மட்டும் அனுப்புங்கள். அந்தத் தொட்டிக் காற்றில் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து வரும். உங்கள் ஊர்த் தூசியோ வெறும் தூசி அல்ல, குச்சிக்கிழங்கு மாவு! நூலுக்குக் கஞ்சி போட ஆலைகள் வாங்குகிற சரக்கு. ஈரம் பட்டால் பசை. அதனால் ஈரத்துணியும் கூடவே கூடாது.

பிராசசர் மேலுள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்கில் மாவு அடைத்தால் சூடு வெளியேறாது. ஃபேன் தலைதெறிக்கச் சுழலும். அப்போதும் தணியாவிட்டால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கணக்கு ஏற்றும்போது கம்ப்யூட்டர் திணறினால், காரணம் அதுதான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டரைத் திண்ணைக்குக் கொண்டுபோய், காய்ந்த மெல்லிய பிரஷ்ஷும் கையால் அமுக்கும் ரப்பர் ஊதியும் கொண்டு மாவை அகற்றுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஊதும்போது சுழலவிட்டால் பேரிங் கெடக்கூடும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், உயிர் விஷயம்.

பிறகு தரையில் வைக்காமல், மாவு காயும் களத்துப் பக்கம் பார்க்காத மேஜையில் ஏற்றிவிடுங்கள்.