டொக்டர் பாவித்த கார்

மட்டக்களப்பில் விற்பனைக்கு வரும் பழைய கார் எல்லாமே ஒரு டொக்டர் பாவித்தது. அதுவும் வீட்டிலிருந்து ஆசுபத்திரிக்கு மட்டும். நான் பார்க்கப் போன காரின் மீட்டரில் 38,000 கிலோமீற்றர். பிரேக் பெடலின் ரப்பரோ வழுவழுவென்று தேய்ந்து கிடக்கிறது. கேட்டால், "டொக்டர் பயந்தவர் மனே, பிரேக்கிலயே கால் வைச்சிருப்பார்" என்கிறார் தரகர்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும் பழசு புதுசின் விலைக்குப் போனது. காருக்கு வயசு ஏற ஏற விலையும் ஏறும் என்றொரு நம்பிக்கை பிறந்தது. 2025 பெப்ரவரியில் தடை நீங்கியது, நம்பிக்கை நீங்கவில்லை.

இந்தக் கார் வாவிக்கும் கடலுக்கும் நடுவே, கல்லடியில் உப்புக்காற்றுக் குடித்த வண்டி. மேலே மினுங்கும் புதுப் பெயின்ற். கால்விரிப்பைத் தூக்கினேன், தகட்டு ஓட்டைக்குள்ளால் நிலத்து மணல் தெரிந்தது.

"ஏசி பழுதானாலும் காத்து வரும்" என்றார் தரகர்.