போனார், வந்தார்

கேள்வி: உள்ளாட்சித் தேர்தலில் தில்லுமுல்லு செய்து மாட்டினால் என்ன ஆகும்?

பதில்: நாற்காலி போகும். சில சமயம் திரும்பியும் வரும்!

லண்டன் டவர் ஹாம்லெட்ஸ் மேயர் லுத்ஃபுர் ரஹ்மான் 2014-ல் ஜெயித்தார். வழக்குப் போட்டது பெரிய கட்சி இல்லை, நான்கே நான்கு வாக்காளர்கள். தபால் ஓட்டு மோசடி, மானியப் பணத்தால் ஓட்டு வளைத்தது, ஆதரவு கேட்டு 101 மதத் தலைவர்கள் கையெழுத்திட்ட கடிதம் என்று பட்டியல் நீண்டது. 2015 ஏப்ரலில் தேர்தல் நீதிமன்றம் வெற்றியை ரத்து செய்தது. தேர்தலில் நிற்க 5 ஆண்டு தடை. செலவுத் தொகைக்கு முன்பணமாக மட்டும் 2,50,000 பவுண்டு. 2017-ல் வக்கீல் தொழிலும் போயிற்று.

சிறை? இல்லை. தேர்தல் நீதிமன்றம் குற்றவியல் நீதிமன்றமே அல்ல. அவரும் தப்பே செய்யவில்லை என்றுதான் சொன்னார்.

தடை முடிந்தது. 2022-ல் அதே ஊர், அதே மேயர் பதவி, அதே ரஹ்மான்!