செவக்கவே இல்லீங்களே, மாமா?

கபாபின் மேல்மாவு எண்ணெயில் கழன்று ஓடாமலிருக்க ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை சத்தியமங்கலத்திலிருந்து மைத்துனன் வந்திருந்தான். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் கலங்காத வயிறு. நான் பொரித்து வைத்ததில் ஒரு துண்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "ஏனுங் மாமா, செவக்கவே இல்லீங்களே?" என்றான். வாயில் போடக்கூட இல்லை.

எங்கள் சாமராஜநகர்த் தள்ளுவண்டிகளில் கபாபின் சிவப்பு தெருமுனையிலிருந்தே கண்ணைக் குத்தும். 2024 ஜூனில் கர்நாடக அரசு, கோழிக் கபாபிலும் மீனிலும் செயற்கை நிறம் கூடாதென்று தடை போட்டது. சோதித்த 39 மாதிரிகளில் 8 தேறவில்லை. மீறினால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். நல்ல காரியம்தான். ஆனால் நிறமில்லாத கபாபுக்கு மைத்துனர்கள் விதிக்கும் தண்டனைக்கு எந்தச் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது?

நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? பேடிகி மிளகாய் வாங்கினேன். ஹாவேரிப் பக்கத்துச் சுருக்க மிளகாய். காரம் கம்மி, நிறம் தூக்கல். அந்தச் சிவப்பு எண்ணெயில் கரையும் என்று கடைக்காரர் சொல்லவில்லை. எண்ணெய் சிவந்தது, கோழி வெளுத்தது. காஷ்மீரி மிளகாயும் அதே கதை. பீட்ரூட் பிழியச் சொன்னார் எதிர்வீட்டு அக்கா. பீட்ரூட் சிவப்புக்குச் சூடு ஆகாது. பாத்திரத்தில் கல்யாணக் களையோடு இருந்தது, வாணலியில் இறங்கியதும் துறவறம் வாங்கிக்கொண்டது. தக்காளி விழுது விட்டேன், மாவு நீர்த்தது. மஞ்சள்தூளைக் கூட்டினேன், மஞ்சளாயிற்று, என்ன அதிசயம்! கடைசியில் கோழியை விட்டுவிட்டுக் கூடத்து விளக்கை மாற்றலாமா என்றுகூட யோசித்தேன். பழைய குண்டு பல்பு வெளிச்சத்தில் எல்லாமே கொஞ்சம் சிவந்துதான் தெரியும். மைத்துனன் வந்ததோ பட்டப்பகலில்.

மேல்மாவுக்கு வருகிறேன், பொறுங்கள்.

டெக்சாஸில் இருக்கும் அண்ணன் மகன் சொல்கிறான்: அங்கே மாட்டிறைச்சியைத் தட்டி, மைதா, முட்டை, மறுபடி மைதா என்று புரட்டிப் பொரித்து, அதன் தலையில் மிளகுபோட்ட வெள்ளைக் குழம்பை ஊற்றுவார்களாம். ஏன் வெளுத்திருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லையாம். கொடுத்துவைத்த சமையல்காரர்கள்!

நாம் அப்படியா? வீட்டில் செய்தால்தான் சுத்தம் என்று ஊரெல்லாம் சொல்லுவோம். செய்து வைத்தால், சுத்தத்தை யாரும் பார்ப்பதில்லை, சாயத்தைத் தேடுவோம். சாயத்துக்குப் பயந்துதானே ஐயா அடுப்பு மூட்டினேன்?

மைத்துனன் கடைசியில் தட்டைக் காலி செய்தான். அது வேறு விஷயம். இருட்டுமுன் மலை இறங்கணும் என்று பறந்தவன், பேருந்து நிலையத்துப் பக்கம் வண்டியை நிறுத்திக் கபாப் பொட்டலம் வாங்கி, அதைப் படம் பிடித்து அவன் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறான். "மாமாகிட்ட காட்டுக்கா" என்று கீழே ஒரு வரி வேறு.