வண்டிக்குக் காதுகுத்து

மருமவனே, ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி ரெண்டு காது வைக்கப் போறியாமே? உங்கம்மா போன்ல சொன்னா. அவ சொன்ன தினுசுல, வண்டிக்கே காதுகுத்து வச்சுட்ட, தாய்மாமன் சீர் நான்தான் கொண்டாரணும்போலன்னு ஒரு நிமிஷம் வெலவெலத்துப் போச்சு. அப்புறம் விசாரிச்சா பேடில் ஷிஃப்டராம். விரலால இழுத்தா கியர் மாறுமாம்.

நல்லா வை. யார் வேண்டாம்னா? 2011 மாடல் டிஸ்கவரி 4, டீசல், ஆட்டோமேட்டிக். கியர் போடுற சோலி உனக்கு வேண்டாம்னுதானே கம்பெனிக்காரன் அத்தனை லட்சம் வாங்குனான்? இப்ப அதே சோலியைத் திருப்பி வாங்க இன்னொரு தடவை காசு குடுக்கப் போற. டெல்லியில சம்பளம் நல்லாத்தான் தாராங்கபோல.

ஒண்ணு கேக்கேன். உன் இடது கைப்பக்கம் ஒரு லீவர் நிக்குதே, அதை டி-யில இருந்து பக்கத்துக்குத் தள்ளிப் பாத்திருக்கியா? அங்கன கூட்டல் கழித்தல் போட்டிருப்பான். முன்னும் பின்னும் தட்டினா கியர் ஏறும், இறங்கும். நீ காசு குடுத்து மாட்டப் போற வேலையை அது 2011-ல இருந்தே செஞ்சுட்டுதான் இருக்கு. நீ அது மேல பூஜை விபூதிப் பொட்டலத்தைத் தொங்கவிட்டுருக்க.

அடுத்து வந்த எட்டு கியர் மாடல்ல காது இருக்கேன்னு கேப்ப. அதுல லீவரையே எடுத்துட்டு, வட்டமா ஒரு திருகை வச்சுட்டான். திருகைத் தட்டி கியர் மாத்த முடியுமா? அதான் ஸ்டீயரிங்ல காது முளைச்சுது. லீவர் போன வண்டிக்கு வந்த சாமானை, லீவர் உள்ள வண்டிக்குக் கேக்குற.

இந்தக் காது பிறந்த கதையும் தெரிஞ்சுக்கோ. 1989 மார்ச்சுல பிரேசில்ல கார் ரேஸ். ஃபெராரி 640-ன்னு ஒரு வண்டி, ஜான் பர்னார்டுன்னு ஒரு கெட்டிக்காரன் வரைஞ்சது. பார்முலா ஒன்ல ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி கியர் வச்சு வந்த முதல் வண்டி. நைஜல் மான்செல் ஓட்டுனாரு. பாதி ரேஸ்ல ஸ்டீயரிங்கே ஆட்டங்கண்டு, பிட்டுக்குள்ள கொண்டாந்து வேற ஸ்டீயரிங் மாட்டித்தான் திரும்ப அனுப்பினாங்க. அப்படியும் ஜெயிச்சுட்டாரு. ஜெயிச்ச கோப்பை விளிம்பு கையைக் கிழிச்சு ரத்தம் வந்தது தனிக் கதை. அவருக்கு அதுல ஆதாயம் இருந்துச்சு: கையை எடுக்காம கியர் மாத்துற ஒரு நொடி மிச்சம். உனக்கு மிச்சமாகுற ஒரு நொடியை ஆசிரம் சௌக்குல எங்க கொண்டுபோய் வைப்ப? ஐ.டி.ஓ. சிக்னல்ல முதல் கியர்ல இருந்து ரெண்டுக்குப் போறதுக்குள்ள சிவப்பு விழுந்துருது.

அந்த ரேஸ் வண்டி ஸ்டீயரிங்கை முழு வட்டம் சுத்துறதே இல்ல. உன்னது அப்படியா? மயூர் விஹார் பார்க்கிங்ல இருந்து வெளிய எடுக்கவே ஒரு முனைக்கும் மறு முனைக்கும் மூணு சுத்து சுத்துற. பாதிச் சுத்துல வலது காது இடது பக்கம் போயிரும். மேட்டுல, கல்லுல, சேத்துல ஸ்டீயரிங்கை ஒடிச்சுப் பிடிச்சிருக்கையில எந்தக் காது ஏத்தும், எது இறக்கும்னு யோசிச்சு முடிக்குமுன்ன வண்டி வாய்க்கால்ல கிடக்கும். ஆமா, டெல்லியில நீ எந்தக் காட்டுக்கு ஓட்டுற? மழைக்கு மிண்டோ பிரிட்ஜ் முழுகுதே, அதுதான் உனக்கு வாய்ச்ச காடு. 700 மில்லிமீட்டர் தண்ணியில இறங்கலாம்னு கம்பெனிக்காரன் சொல்லியிருக்கான். அந்தப் பாலத்தடியில பஸ்ஸே முழுகுது, ஞாபகம் வச்சுக்கோ.

நியாயமும் சொல்லிடுதேன், இல்லாட்டி மாமன் வயித்தெரிச்சல்ல பேசுதாம்ப. முசௌரியில இருந்து இறங்குறப்ப ரெண்டரை டன் வண்டியை பிரேக்கை மட்டும் நம்பி இறக்கக் கூடாது. சின்ன கியர்ல எஞ்சினைப் பிடிச்சு இறக்கணும். கொண்டை ஊசி வளைவுல ரெண்டு கையும் ஸ்டீயரிங்லயே இருந்தா அது சௌகரியம்தான். ஆனா ஒண்ணு: கியர்பாக்ஸ் இசட்.எஃப்.னு ஒரு ஜெர்மன்காரன் செஞ்சது. நீ காதை இழுத்துக் கேக்கலாம், குடுக்குறதும் குடுக்காததும் அவன் இஷ்டம். வேகத்துக்குப் பொருந்தாத கியரைக் கேட்டா காதுலயே வாங்க மாட்டான். உங்க ஆபீஸ் மேனேஜர் மாதிரின்னு வச்சுக்கோயேன்.

காது வாங்கக் கரோல் பாக் போயிருப்ப. அங்க ரெண்டு சரக்கு காட்டுவான். ஒண்ணு அலுமினியத்துல பளபளன்னு நீட்டிப்பு. ஏற்கெனவே காது உள்ள வண்டிக்குப் பசை வச்சு ஒட்டுறது அது. உன் வண்டியில ஒட்டினா வெறும் கம்மல், தட்டினா சத்தம் வரும், கியர் வராது. இன்னொண்ணு நெசமா வேலை செய்யிறது. சிலது வயர் இல்லாம, ஸ்டீயரிங்ல சின்ன பேட்டரி போட்டு, லீவர் பக்கத்துல ஒரு பெட்டிக்குச் சேதி அனுப்பும். சிலது வயரோட. அந்த வயர்தான் வில்லங்கம்.

ஸ்டீயரிங் நடுவுல உனக்காக ஏர்பேக் படுத்திருக்கு. அதுக்கு அடியில கிளாக் ஸ்பிரிங்குன்னு ஒரு வட்டச் சாமான். திறந்து பாத்தா நாடா மாதிரி தட்டையான வயர், சுருள் சுருளா. ஸ்டீயரிங் எத்தனை சுத்து சுத்தினாலும் ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் கரண்டு அந்த நாடாவுலதான் போகுது. கழட்டுற பையன் அதை நடுவுல நிறுத்தாம ரெண்டு சுத்து தப்பா மாட்டினா, ஒரு நாள் முழுசா ஒடிக்கையில நாடா அறுந்துரும். போர்டுல ஏர்பேக் விளக்கு எரியும். அந்த விளக்கு எரிஞ்சா, மோதுற அன்னிக்கு ஏர்பேக் வாரது உன் குலசாமி கையில. அதனால மாட்டுறவன் முதல்ல பேட்டரியைக் கழட்டி, கொஞ்ச நேரம் காத்திருந்து, அப்புறமா மஞ்சக் கனெக்டர்ல கை வைக்கானான்னு பாரு. டீ வர்றதுக்குள்ள முடிச்சுருதேம்பான். ஸ்க்ரூ டிரைவரை வாங்கி வச்சுட்டு வந்துரு.

சட்டம் வேற இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரகாரம், அனுமதியில்லாம வண்டியை மாத்தினா ஒரு மாத்தத்துக்கு 5,000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் உள்ள போடவும் வழி இருக்கு. காது அந்தக் கணக்குல வருமா, வந்தா ஒத்தைக் காதுக்கா, ரெட்டைக் காதுக்கான்னு நீயே டிராபிக் போலீஸ்கிட்ட கேட்டுக்கோ, என்னை இழுக்காத.

அதைவிடப் பெரிய சங்கதி, உன் வண்டிக்கு டெல்லியில ஆயுசே கோர்ட்டு வாய்தா கணக்காத்தானே ஓடுது? பத்து வயசு தாண்டின டீசல் ஓடக் கூடாதுன்னு 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லுச்சு, 2018-ல சுப்ரீம் கோர்ட்டும் ஆமான்னுச்சு. 2025 ஜூலை 1-ல இருந்து பங்க்ல எண்ணெயே கிடையாதுன்னான். கூப்பாடு கிளம்பவும் ஒத்திவச்சான். ஆகஸ்ட்ல, நடவடிக்கை எடுக்காதேன்னு சுப்ரீம் கோர்ட்டு. டிசம்பர்ல, அந்தச் சலுகை பிஎஸ் 4 புகைத் தரத்துக்குக் கீழ உள்ளதுக்குக் கிடையாதுன்னு திரும்ப. உன்னது பிஎஸ் 4, தப்பிச்சுது. அடுத்த வாய்தா வரைக்கும்.

அந்தக் காசைக் கியர்பாக்ஸ் ஆயிலுக்குப் போடு. ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு வண்டி விக்கிறவன் சொல்லுவான். செஞ்ச இசட்.எஃப்.காரனே 80,000-ல இருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லாட்டி எட்டு வருஷத்துல மாத்துங்கான். அடியில பிளாஸ்டிக் தொட்டி, ஃபில்டரும் அதோடயே சேந்து வரும், ரெண்டையும் ஒண்ணா மாத்தணும். நீ மாத்துனியா? கேக்கவே வேண்டாம்.

மாத்தின கையோட, என்.ஓ.சி. வாங்கி வண்டியை நம்ம ஊருப் பக்கம் அனுப்பிரு. இங்க டீசலுக்குப் பத்து வயசுக் கணக்கெல்லாம் கிடையாது. எஃப்.சி., பசுமை வரின்னு அலைய வேண்டியிருக்கும், அந்த அலைச்சலை நான் பாத்துக்கிடுதேன், உனக்கு எதுக்குச் சிரமம்? காது வேண்டாம். எனக்கு அந்த லீவரே போதும். ஆயிலை மட்டும் அங்கயே உன் காசுல மாத்திரு, இங்க அந்த ஆயில் கிடைக்காது.