"ஒன்றும் இல்லை" என்கிறான் மகன்!

கேள்வி: "உன் திறமைகளை எழுதி வா" என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். "எனக்கு ஒன்றும் இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறான் என் மகன். என்ன செய்வது?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: பிழையில்லாமல் எழுதியிருந்தால் அதையே முதல் திறமையாகச் சேர்த்துவிடுங்கள்!

நம் வீடுகளில் திறமை என்றால் அது கோப்பையோடுதான் வர வேண்டும். சாயங்காலம் அவன் தெருவில் கிரிக்கெட் ஆடுவதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரே மட்டை, ஒன்பது பேர். மாடிக்கு அடித்தால் அவுட் என்று சட்டம் இயற்றுகிறான். மட்டைக்குச் சொந்தக்காரன் கோபித்துக்கொண்டு கிளம்பாதபடி சமாதானம் பேசுகிறான். பந்து விழுந்த வீட்டுத் தாத்தாவிடம் தூது போகிறான். இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டென்று அவனிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். "கெட்டிக்காரன்" என்று பொத்தாம்பொதுவாகப் பாராட்டாமல், "தாத்தாவிடம் என்ன சொல்லிப் பந்தை வாங்கினாய்?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லச் சொல்ல அவனுக்கே பிடிபடும்.

தேர்வைத் தாண்டியும் பிள்ளையைப் பார்க்கச் சொல்வது பள்ளிக்கும் பொருந்தும். முன்னேற்ற அட்டையில் பிள்ளையின் சுயமதிப்பீடும் வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. அதற்கும் முன்பே, 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது, எட்டாம் வகுப்பு வரை நூற்றுக்கு 40 மதிப்பெண்ணை, பருவத் தேர்வுக்கு வெளியே செயல்பாடுகளையும் பார்த்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கியது தமிழ்நாடு. (ராத்திரி பத்து மணிக்கு சார்ட் வெட்டி ஒட்டி, அதில் பல மதிப்பெண்களை அம்மாக்களே வாங்கினார்கள் என்பது வேறு கதை.) அந்த அம்மாக்கள் வரிசையில் நீங்களும் உண்டென்றால், இந்தத் திறமைத் தாளையாவது அவனிடமே விட்டுவிடுங்கள்.